கோபுரத்தின் இடைச்சாந்து

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருப்பணி என்றதும் நம் கண்முன் நிற்பவை பொற்கலசமும் புதுவண்ணமுமே. அடியேன் இன்று பேசப் புகுவதோ எவர் கண்ணிலும் படாத ஒன்றனைப்பற்றி. அது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே கிடக்கும் சுண்ணாம்புச் சாந்து.

நம் பெருங்கோபுரங்களிற் பல, கீழே கருங்கல்லும் மேலே செங்கல்லும் சுதையுமாக அமைந்தவை. மகேந்திரவர்ம பல்லவன் தன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்தமையைச் சிறப்பாகக் குறிக்கின்றான். அவனுக்கு முன் இவையே கோயிற் பொருள்களாக வழங்கின என்பது அதனாற் பெறப்படும்.

மழையும் வெயிலும் முதலில் அரிப்பது இச்சாந்தினையே. சந்து குழிந்தால் நீர் புகும். பறவை இட்ட அரசவித்து முளைக்கும். வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். 1516ஆம் ஆண்டிற் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த திருக்காளத்தி இராசகோபுரம், நெடுநாள் வெடிப்புற்று நின்று, 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அதன் காரணங்களை ஆராய்தல் வல்லுநர் கடன். வெடிப்பைக் கண்டபின் காலந்தாழ்த்தல் ஆகாது என்பது நமக்குரிய பாடம்.

அடியேன் செய்த பிழையொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ளல் வேண்டும். எம்மூர்ச் சிவாலயத்தில் முன்னொருகால் திருப்பணி நிகழ்ந்தபோது அடியேனும் குழுவில் இருந்தேன். முதிய கொத்தனார் ஒருவர், "ஐயா, சுண்ணாம்புச் சுவருக்குச் சிமிட்டி ஆகாதுங்க" என்றார். விரைவும் உறுதியும் கருதி அவர் சொல்லைத் தள்ளினோம். பத்தாண்டு செல்லுமுன், சிமிட்டி அப்படியே நிற்கச் செங்கற்கள் பொடிந்து உதிர்ந்தன.

காரணம் எளிது. சுவரினுள் நுழைந்த ஈரம் சுண்ணாம்புச் சாந்தின் வழியே ஆவியாகி வெளியேறும். கடினமான சிமிட்டி அவ்வழியை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் செங்கல்லின் வழியே வெளிவர, உப்பு உறைந்து அதன் முகத்தைப் பெயர்த்துவிடும். ஆதலின் சாந்து செங்கல்லினும் மென்மையுடையதாதல் வேண்டும்.

செப்பனிடுங்கால், தளர்ந்த சாந்தைச் சந்தின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்கேனும் கையுளியால் எடுத்தல் வேண்டும். செங்கல்லின் விளிம்பு சிதைதல் கூடாது. துகள் நீக்கி நீரால் நனைத்தபின், நன்கு நீற்றி மணலோடு அரைத்த சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அழுத்தி நிரப்புதல் வேண்டும். கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்தல் நம் மரபு. பின்னர் ஈரச்சாக்கினால் மூடிப் பல நாள் காத்தல் வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகும். அவசரம் இதற்குப் பகை.

அன்பர்களே! திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கையில் ஏந்தியது உழவாரப்படை. திருமுற்றத்துப் புல்லைக் களைவதையே அப்பெருந்தகை தம் பணியாகக் கொண்டார். சாந்தும் தான் தேய்ந்து செங்கல்லைக் காக்கின்றது. தொண்டர் இயல்பும் அதுவேயன்றோ!

ஆதலின், அடுத்த குடமுழுக்கு வரும்வரை காத்திராது, ஆண்டுதோறும் மழைக்குமுன் கோபுரத்தைப் பார்வையிட்டு, முளை களைந்து சந்து நிரப்புதற்கெனச் சிறுநிதி ஒன்று வைப்பீர்களாக. அதனை ஈந்தார் பெயர் கல்லிற் பொறிக்கப்படாதுபோகலாம். எனினும் கோபுரம் நிற்கும். அதனை நோக்கிக் கைகுவிப்பார் வழிவழி வருவர். அதனினும் பெறத்தக்க பேறு யாதுளது?

திருச்சிற்றம்பலம்.