பேரிங்கையும் கொஞ்சம் கவனியுங்கள்



பிள்ளைகளுக்கு ஹெல்மெட், முழங்கால் பேட் மாட்டித்தான் ஸ்கேட்டிங் அனுப்புகிறோம். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கை மட்டும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. மழையில் நனைந்த ஸ்கேட்டை ஈரத்தோடு பையில் போட்டு மூடிவிட்டேன். அடுத்த வாரம், துருப்பிடித்த சக்கரம் ஓட்டத்தில் இறுகி, என் மகள் குப்புற விழுந்தாள். மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங். நான்கு சக்கர ஸ்கேட் என்றால் ஒரு ஜோடிக்கு 16. மாதம் ஒருமுறை ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ சட்டென்று நின்றாலோ கழற்றுங்கள்.

வெளித்தூசியைத் துணியால் துடையுங்கள். ரப்பர் மூடி இருந்தால் ஊசியால் மெதுவாக நெம்பி எடுங்கள். மூடி கழலாத பேரிங்கோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி, பேரிங்கைப் போட்டுக் குலுக்குங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பருகே கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். தண்ணீரில் கழுவவே கூடாது.

அதன்பிறகும் கரகரத்தால் புதிது வாங்குங்கள். பெரும்பாலான ஸ்கேட்டுகளுக்கு 608 அளவுதான்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை அவர்களே செய்வார்கள்.