கடைக்கு ஏற்ற சின்னம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று காலையில் அன்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பவர். அவர் கையில் ஒரு வக்கீல் கடிதம் இருந்தது. “ஸார், மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்ப்பவர் நீங்கள். இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்” என்றார்.

கடிதத்தின் சாரம் இதுதான். வேறோர் ஊரில் உள்ள வியாபாரி ஒருவர், காப்பித்தூளுக்கு மயில் சின்னத்தை நெடுநாட்களுக்கு முன்பே பதிவு செய்து வைத்திருக்கிறார். நம் அன்பரின் பைகளிலும் மயில். உடனே நிறுத்தாவிட்டால் வழக்குத் தொடரப்படும். “முருகன்மேல் உள்ள பக்தியால் மயிலைப் போட்டேன். அவரை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை” என்று அன்பர் கலங்கினார். அவர் கூற்று முற்றிலும் உண்மை. ஆயினும், ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. வாங்குபவர் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்க இடமுண்டா என்றே அது முதலில் பார்க்கிறது. அச்சிட்டு அடுக்கிவைத்த ஐயாயிரம் பைகளும் வீணாயின.

இத்தகைய நஷ்டம் வெளி மாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவர் எவருக்கும் நேரக்கூடும். ஆகவே, ஒரு தொழிலுக்குச் சின்னம் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சின்னத்தின் முதற் கடமை அடையாளம் காட்டுவது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மான்செஸ்டர் நகரத்து ஆலைகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளில் தெய்வங்கள், அரசர்கள், யானைகள் முதலிய வண்ணப் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லித் துணி கேட்டனர். வேற்று மொழியாளர் நடுவே கடை வைத்திருக்கும் தமிழரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நம் வாடிக்கைக்காரர் கற்றறிந்தவராக இருக்கலாம். நம் எழுத்தை மட்டும் அறியார்.

சின்னங்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பெயரையே தனித்த எழுத்து வடிவில் அமைப்பது. செலவு குறைவு. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கே பயன்படும். இரண்டாவது, படம் அல்லது உருவம். 1956-ஆம் ஆண்டில் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். விளக்கின் சுடரை இரண்டு கைகள் அணையாமல் காக்கின்றன. காப்பு என்னும் கருத்தை எந்த மொழியினருக்கும் அது உணர்த்திவிடுகிறது.

மூன்றாவது, உருவமும் பெயரும் சேர்ந்தது. புதிய கடைக்குப் பெரும்பாலும் இதுவே நலம். உருவம் மனத்தில் பதியும் வரை பெயர் துணை நிற்கும். நான்காவது, ஒரு கதாபாத்திரத்தைப் படைப்பது. 1946-இல் பிறந்த ஏர் இந்தியாவின் மகாராஜாவும், 1960-களில் பிறந்த அமுல் வெண்ணெய்ச் சிறுமியும் இவ்வகையினர். அச்சிறுமி நாட்டு நடப்பைப் பற்றிக் குறும்பாகப் பேசிப் பேசியே புகழ் பெற்றாள். அவ்வாறு பேச வைக்க ஓவியரும் எழுத்தாளரும் இடைவிடாமல் உழைக்க வேண்டும். சிறு கடைக்கு அது தாங்காத செலவு.

எவ்வகையாயினும் எளிமை வேண்டும். ஸ்டேட் பாங்கின் நீல வட்டம், ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-இல் அமைத்தது. வட்டத்தின் நடுவே சாவித்துளை போன்ற சிறு வெண்மை, அவ்வளவே. கட்டடத்தின் உச்சியிலும் அதுதான், கைத்தொலைபேசித் திரையில் நகத்தளவிலும் அதுதான். நமது சின்னத்தையும் ரப்பர் முத்திரையளவு சுருக்கி, கறுப்பு மையில் ஒரு முறை அச்சிட்டுப் பார்த்தல் நன்று. அப்போதும் தெளிவாக நின்றால் தேறியது எனக் கொள்ளலாம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இப்போது நடைமுறையில் உள்ளது 1999-ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னங்கள் சட்டம். பொருளின் தன்மையை வெறுமனே விவரிக்கும் சொல் பொதுவாகப் பதிவுக்கு ஏற்றதன்று. “சுத்தமான காப்பி” என்பதை ஒருவர் தமக்கே உரிமையாக்கிக் கொள்ள இயலாது. புனித நூல்களின் பெயரும் அத்தகையதே. ஊதுவத்திக்கு “ராமாயணம்” என்னும் பெயரைப் பதிவு செய்ய முயன்ற வழக்கில், அதை எவரும் தனியுரிமையாகக் கோர முடியாதென 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசியக் கொடியையும் அரசாங்க இலச்சினையையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காப்பித்தூள் 30-ஆவது வகுப்பு. காப்பி பரிமாறும் உணவு விடுதி 43-ஆவது வகுப்பு. இரண்டும் நடத்துவோர் இரண்டையும் கருத வேண்டும். மும்பை, ஆமதாபாத், கொல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் பதிவு அலுவலகங்கள் உண்டு. சொந்த ஊர் எதுவாயினும், தொழில் நடக்கும் இடத்தைப் பொறுத்தே அலுவலகம் அமையும். பதிவோ நாடு முழுவதற்கும் செல்லும். பத்தாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துக் கொள்ளலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன், பதிவேட்டை இணையத்தில் தேடிப் பார்ப்பது மிக அவசியம். நம் அன்பர் செய்யத் தவறியது இதுதான். பதிவாகும் முன்னரே வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போட்டுக் கொள்வதும் சட்டத்துக்கு முரணானது. சின்னத்தை வரைந்து தரும் ஓவியரிடம் உரிமையை எழுத்து மூலம் பெற்றுக் கொள்வதும் விவேகம்.

இவற்றையெல்லாம் அன்பருக்கு எடுத்துரைத்தபின், புதுச் சின்னம் எது என்ற கேள்வி எழுந்தது. தமிழ் எழுத்து இல்லாமல் பலகை வைக்க அவருக்கு மனமில்லை. அவர் மகனோ, “தமிழ் எழுத்தை இங்கே யார் அப்பா படிக்கப் போகிறார்கள்?” என்றான். டபரா டம்ளர் வரையலாமா என்று யோசித்தார்கள். காப்பி விற்பவர் பலரும் அதையே வரைவதால், அது எவரையும் தனியே காட்டாது.

“உங்கள் கடையை மற்றவர்கள் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்?” என்று நாம் கேட்டோம். அவர் சிரித்தார். “மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதல்லவா? ‘சீடிவாலி துகான்’ என்பார்கள்” என்றார். படிக்கட்டுக் கடை! அவர் தேடிய சின்னத்தை வாடிக்கைக்காரர்கள் எப்போதோ கொடுத்துவிட்டிருந்தனர்.

மகன் காகிதத்தில் மூன்று படிகளை வரைந்தான். தந்தை அதை உற்றுப் பார்த்து, “இது நம் ‘ட’ அல்லவா?” என்றார். ஆம், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று டகரங்கள். இந்திக்காரர் கண்ணுக்குப் படிக்கட்டு. தமிழர் கண்ணுக்குப் படிக்கட்டும் உண்டு, அச்சொல்லின் நடுவே நிற்கும் எழுத்தும் உண்டு. இம்முறை தமிழரான உதயகுமார் வடிவமைத்து 2010-இல் ஏற்கப்பெற்ற ரூபாய்க் குறியை நமக்கு நினைவூட்டியது. தேவநாகரி ரகரமும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாய் இசைந்து நிற்கின்றன. தன் எழுத்தைத் துறக்காமலே அயலாருக்கும் விளங்க வைக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

தேடிப் பார்த்ததில், அந்த வகுப்பில் அதைப் போன்ற சின்னம் எதுவும் தென்படவில்லை. விண்ணப்பம் சென்றிருக்கிறது, முடிவு வர நாளாகும். புதுப் பைகளை முதலில் ஐந்நூறு மட்டுமே அச்சிட்டார்.

வெளியூர்களில் தொழில் செய்யும் நேயர்களே, ஓவியரிடம் போவதற்கு முன் உங்கள் வாடிக்கைக்காரர் பத்துப் பேரிடம், உங்கள் கடைக்கு மற்றவர்களுக்கு எப்படி வழி சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சின்னத்தை அங்கிருந்து தொடங்கலாம்.