என் கருப்பனுக்குப் புல் வேண்டும்



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஆசையெல்லாம் அப்பா பாக்கெட்டைக் காலி பண்ற ஆசை. ஒருத்தன் பைக் கேக்கிறான், ஒருத்தி குதிரை ஓட்டணும்கிறா"ன்னு சொன்னார். சொல்லும்போது என்னையேதான் பார்த்தார். (சிரிப்பு) ஆமாண்ணே, அந்த ஒருத்தி நான்தான்!

நான் பிறந்தது மணிப்பூரில், பர்மா எல்லையில் இருக்கும் மோரே. 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்களில் சில பேர், மறுபடி அங்கேயே போய்விடலாம் என்று தரைவழியாகப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள். என் தாத்தாவும் அதில் ஒருவர். அங்கே நம்ம அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கு. ஆனா குதிரைமேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது இம்பாலில், கல்லூரிக்குப் போன இடத்தில்.

மணிப்பூர்க் குதிரை சினிமாவில் ராஜா ஏறி வருகிற குதிரை மாதிரி இருக்காது. நாலடி உயரம்தான். முதல்நாள் பார்த்தப்போ, "இது கழுதையா?"ன்னு கேட்டுட்டேன். அந்தக் குதிரைக்காரப் பெரியவர் ஒரு வாரம் என்னோட பேசலை. (சிரிப்பு) சேற்றுநிலத்தில் தானாகப் புல் மேய்ந்து வளர்கிற சாதி அது. மழை, குளிர் எதற்கும் அசையாது. அந்தக் காலத்துப் போரில் வீரர்கள் இதன்மேல் இருந்துதான் அரம்பை என்ற சிற்றம்பைக் கையால் எறிந்தார்கள்.

பணக்கார விளையாட்டு என்று சொன்னீர்களே, போலோ? நவீன போலோ இந்தக் குட்டிக் குதிரையின்மேல் பிறந்தது. அங்கே அதற்குப் பேர் சகோல் காங்ஜெய். பக்கத்துக்கு ஏழு பேர், மூங்கில் வேரில் செய்த பந்து, கோல் கம்பமே கிடையாது. அதைப் பார்த்து ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் 1859-ல் சில்சாரில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் அது உலகம் சுற்றியது. இம்பாலில் இன்றைக்கும் வயலில் வேலை பார்க்கிறவர் ஆடுகிற ஆட்டம் அது.

நான் ஓட்டியவன் பேர் கருப்பன். நான் வைத்த பேர்தான். முதல் மாதத்தில் நாலு தடவை கீழே தள்ளினான். நாலு தடவையும் ஓடாமல் பக்கத்திலேயே நின்றான். அந்த நின்றதுக்குத்தான் நான் விழுந்தேன், நடுவர் அவர்களே. (கைதட்டல்)

இனிமேல் சொல்வதற்குச் சிரிக்க முடியாது. இந்தக் குதிரைகள் மேய்ந்த சேற்றுநிலங்களை மேடாக்கிக் கட்டடம் கட்டிவிட்டோம். 2003 கணக்கெடுப்பில் 1,898 குதிரை. 2012-ல் 1,101. புல் இல்லாத குதிரை எங்கே போகும்? தெருவுக்குத்தான் வரும். கருப்பனின் தாய் குப்பைமேட்டில் மேய்ந்தாள். வயிறு உப்பி மூன்று நாள் கிடந்து செத்தாள். மருத்துவர் அறுத்துப் பார்த்தார். கட்டுக்கட்டாகப் பிளாஸ்டிக் பை. பெரியவர் அந்தப் பைகளை ஒவ்வொன்றாக உதறி, கழுவி, கொடியில் காயப் போட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

2023-ல் அங்கே நடந்த கலவரத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஊரடங்கில் மனுஷனுக்கே அரிசி தேடவேண்டிய நேரம். தவிட்டுக்கு யார் காசு கொடுப்பார்? பெரியவர் சொல்லிவிட்டார்: "அம்மா, கருப்பனை வெளிமாநிலத்து வியாபாரி கேக்கிறான். கொடுத்துடறேன். எனக்கு வேற வழி தெரியலை."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவிடம் போய் நின்றேன். எதிரணி அண்ணன் எதிர்பார்த்த இடம் இதுதான்! (சிரிப்பு) அப்பா, "குதிரை வாங்கவா உன்னைப் படிக்க வச்சேன்?"னு ஒரே கேள்வி கேட்டு உள்ளே போயிட்டார். அவர் கேட்டது நியாயம். அதனால் வியாபாரி சொன்ன விலையை நானே தர்றேன், மாதத் தவணையில் தர்றேன்னு பெரியவரிடம் சொன்னேன். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். காலையில் நாங்க நாலு பேர் வாய்க்கால் ஓரம் புல் அறுக்கிறோம். பைக் கேக்கிற என் தம்பியும் இப்போ புல்லுக்கட்டைத் தூக்குறான்.

மணி அடிச்சுட்டீங்க. ஒரே வரி, முடிச்சுடறேன். இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கு. இந்த நிகழ்ச்சிக்குக் கொடுக்கிற சன்மானத்தில் ஒண்ணு கழியும். நடுவர் அவர்களே, கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்க! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)