நிற்றலும் ஒரு தொழிலே



நடத்தலையும் சுமத்தலையும் தொழில் என்கின்றோம். நிற்றலை எவரும் தொழிலாகக் கருதுவதில்லை. "சும்மா நிற்கின்றான்" என்பதே நம்மவர் வழக்கு. உடலியல் அறிஞரோ இதனை ஒப்புக்கொள்ளார்.

நாம் நிமிர்ந்து நிற்கும்பொழுது உடலின் பாரம் கணுக்கால் மூட்டுக்கு நேர்மேலே அமைவதன்று. சில சென்ரிமீற்றர் முன்னே தள்ளி அமைகின்றது. ஆகவே உடல் எப்பொழுதும் முன்னோக்கிச் சாயவே முனைகின்றது. அதனைப் பின்னின்று பிடிப்பது கெண்டைக்கால் தசை. இஃது இரண்டு தசைகளின் கூட்டு. மேலுள்ளது முழங்காலுக்கு மேலிருந்தும், உள்ளே அமைந்தது முழங்காலுக்குக் கீழிருந்தும் புறப்பட்டு, ஒரே தடித்த நாணாகிக் குதிக்காலிற் பொருந்துகின்றன. உட்டசையில் எளிதிற் களைப்படையாத இழைகளே மிகுதி. நெடுநேரம் நிற்பதற்கு அதுவே பெருந்துணை.

முன்னே சாயும்பொழுது இத்தசை இழுபட்டு நீளும் என்றே பலரும் எண்ணுவர். 2004ஆம் ஆண்டில் இயன் லோரம், மார்ட்டின் லாக்கி முதலிய பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. சாயும்பொழுது நீள்வது நாண், தசையோ சுருங்குகின்றது. மாட்டைக் கயிற்றிலே நடத்திச் செல்பவன் ஓயாது இறுக்கிப் பிடியாமல் அவ்வப்போது சுண்டிவிடுவதுபோல, செக்கனுக்கு இரண்டு மூன்று முறை இத்தசை நாணைச் சுண்டுகின்றது. கண்ணும், உட்செவியும், பாதமும், தசையும் தரும் செய்திகளைக் கொண்டு நரம்பு மண்டலம் இதனை நடத்துகின்றது.

எங்கள் செங்கலடிப் புறத்து வயல்வரம்பில் நெற்கட்டுடன் நடப்பவரையும், மட்டக்களப்பு வாவியிலே சிறுதோணியில் எழுந்து நின்று வீச்சுவலை எறிபவரையும் பாருங்கள். நிற்கும் தளமே அசையினும் அவர் விழுவதில்லை. பழக்கத்தாற் பண்பட்ட காலின் திறம் அது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, அசையாது நிற்றல் எவர்க்கும் இயலாது. பாடசாலைக் காலைக்கூட்டத்திலே மாணவர் சிறிது அசைவது ஒழுங்கீனமன்று. கெண்டைக்கால் சுருங்கும்போதெல்லாம் காலிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கி மேலே செலுத்தப்படுகின்றது. வெயிலிலே விறைத்து நிற்கும் பிள்ளைக்குக் காலில் இரத்தம் தேங்கி மயக்கம் உண்டாகலாம். நெடுநேரம் நிற்கவேண்டின், குதிக்காலை இடையிடையே உயர்த்தித் தாழ்த்த அவர்களுக்குக் கற்பித்தல் நன்று.

இரண்டாவது, முதியோர் பற்றியது. வயது ஏற ஏறத் தசை மெலிகின்றது. நீரிழிவு நீடித்தவர்க்குப் பாதத்தின் உணர்வும் குன்றக்கூடும். அதனால் இருளிலே கிணற்றடிக்குச் செல்லும் மூதாட்டி தடுமாறுகின்றார். ஒரு வீழ்ச்சி இடுப்பெலும்பை முறித்து அவரைப் பாயிலே கிடத்திவிடுகின்றது. செல்லும் வழிக்கு விளக்கு வையுங்கள். மருத்துவரின் ஆலோசனையுடன், நாள்தோறும் சுவரையோ உறுதியான கதிரையையோ பற்றிக்கொண்டு குதிக்காலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கச் சொல்லுங்கள். அருகிலே ஒருவர் நில்லுங்கள். பொருட்செலவு இல்லாத பயிற்சி இது.

தாமாக எழுந்து தம் காலில் நிற்றல் முதியோர்க்குப் பெருஞ்செல்வம். அதனைக் காத்துக் கொடுப்பது இளையோர் கடன்.