நம்ம கையே நமக்குத் தராசு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வட்டி என்று பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிறவர்கள் நாம். நம்ம தட்டில் என்ன விழுகிறது என்று என்றைக்காவது கணக்குப் பார்த்திருக்கிறோமா? இன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை என்கிறது. அதே ஆய்வில் 100-க்கு 40 பெண்களுக்கு எடை அதிகம். இதென்ன, ஒரு பக்கம் இரத்தம் இல்லை, ஒரு பக்கம் உடம்பு பெருக்குதா என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் பல காரணம் உண்டு. ஆனால் நம்ம தட்டைப் பார்த்தாலே ஒரு காரணம் தெரியும். சோறு மலை மாதிரி, பருப்பும் காயும் பொட்டு மாதிரி.

அளந்து சாப்பிட தராசு வேண்டாம், படி வேண்டாம். பூவை முழத்தாலும், அரிசியைப் பிடியாலும், பெருங்காயத்தைச் சிட்டிகையாலும் அளந்த கை நம்மிடம் இருக்கிறது. எல்லோரும் கையை நீட்டுங்க.

சோறு: கையை மூடுங்க. இந்த முட்டி அளவு சோறு ஏறத்தாழ ஒரு கப். ஒரு வேளைக்கு இரண்டு முட்டி சோறு. நாற்று நடவு என்று உடம்பு உழைக்கிற நாளில் இன்னொரு முட்டி சேரலாம். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றைக் குறைத்து காயைக் கூட்டணும். எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்குங்க.

காய், கீரை: பச்சைக் கீரையை இரண்டு கையும் சேர்த்து அள்ளுங்க. வெந்தால் அது ஒரு பிடிக்குச் சுருங்கிவிடும். மதியம் கீரை ஒரு முட்டி, இன்னொரு காய் ஒரு முட்டி இருக்கட்டும்.

மீன், கறி: விரலை விட்டுவிட்டு உள்ளங்கை மட்டும். அந்த அகலம், அந்தத் தடிமன். ஒருவருக்கு ஒரு வேளைக்கு அது போதும்.

எண்ணெய்: கட்டைவிரல் நுனிக் கணு அளவு ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். ஒருவருக்கு நாள் முழுக்க ஐந்தாறு. உப்பு நாளுக்கு ஒரே ஒரு கணு, அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கிற உப்பும் இதில் சேர்த்தி.

இப்போது பருப்புக்கு வருவோம். ரேஷனில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 33 கிராம், ஏறத்தாழ ஒரு பிடி. வேறு பருப்பு வாங்காத வீட்டில் அந்த ஒரு பிடிதான் நாலு பேருக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒரு ஆளுக்கே நாளுக்குப் பருப்போ, அதற்குப் பதில் முட்டை, மீனோ சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது. அதாவது ஒரு ஆளுக்கு இரண்டரைப் பிடி. குறைகிறதை எதைக் கொண்டு நிரப்பலாம்? கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, முட்டை, நெத்திலி எல்லாம் நம்ம பக்கத்திலேயே கிடைப்பதுதானே.

சரி, யாருடைய கையால் அளப்பது? அவரவர் பங்கை அவரவர் கையால் அளக்கணும். பிள்ளையின் பங்குக்குப் பிள்ளையின் கைதான் அளவு. அதன் வயிறு சின்னது என்பதால் ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று நான்கு வேளையாகக் கொடுங்க. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்த அளவுக்கு மேலே கூடுதலாக வேண்டும்.

அப்படியானால் அம்மாவின் பங்கு அம்மாவின் கையளவு. அது சட்டியில் இருக்கிறதா? வீட்டுக்காரருக்குத் துண்டு, பிள்ளைகளுக்குத் துண்டு, கடைசியில் நமக்குச் சோறும் குழம்புத் தண்ணியும். வயிறு நிரம்புகிறது, இரத்தம் ஊறவில்லை.

"நான் முதல்ல தின்னா மாமியார் என்ன சொல்வாங்க?" என்று ஒரு குழுவில் ஒரு அக்கா கேட்டாங்க. முதலில் சாப்பிடச் சொல்லவில்லை அக்கா. பரிமாறும்போதே உங்கள் பங்கையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்க. எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடுங்க. மாமியாருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் அவங்களும் நம்ம பக்கம் வந்துவிடுவாங்க. அவங்களும் இத்தனை வருஷம் கடைசியில் சாப்பிட்டவங்கதானே.

சாப்பாட்டோடு டீ குடிக்காதீங்க. சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். ஆனால் இரத்தசோகை என்று தெரிந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. கிராம செவிலியர் கொடுக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தராசும் ஒரு கிலோ பருப்பும் கொண்டு வாங்க. ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்து எடை போட்டு, பெயருக்கு நேரே நோட்டில் எழுதுங்க. ஒரு மாதம் கழித்து, எத்தனை பேர் தன் பங்கைத் தனியாக எடுத்து வைத்தோம் என்று கை தூக்கச் சொல்லி எண்ணுங்க. சேமிப்பு மாதிரி இதையும் தீர்மான நோட்டில் ஏற்றுங்க.

கடனைத் தவணை தவறாமல் கட்டுகிற நாம், நம்ம உடம்புக்குக் கட்ட வேண்டியதையும் பாக்கி வைக்காமல் கட்டுவோம்.