போலீஸ்காரர் கையில் நற்செய்தியா?



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மனம் கசிந்து பேசினார். மணமுறிவு பெருகுகிறது, கருக்கலைப்பு பெருகுகிறது, குடும்பங்கள் சிதைகின்றன என்றார். ஆகவே கத்தோலிக்கர் எங்கெல்லாம் பெரும்பான்மையாக வாழ்கிறார்களோ அங்கெல்லாம் திருச்சபையின் ஒழுக்கப் படிப்பினைகளையே நாட்டின் சட்டமாக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைத்திருக்கிறார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. திருச்சபை போதிப்பதை நானும் நம்புகிறேன். திருமணம் பிரிக்க முடியாத அருட்சாதனம் என்றும், கருவிலிருக்கும் உயிர் கடவுள் தந்த உயிர் என்றும் நம்புகிறேன். அப்படி நம்புகிறவனாகவே நின்று இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன். முழு மூச்சோடு எதிர்க்கிறேன்.

ஏனென்றால், அண்ணன் கேட்பதை ஒரு நாடு ஏறக்குறைய அப்படியே செய்து பார்த்துவிட்டது. அந்த நாடு அயர்லாந்து.

விசுவாசத்துக்காகப் பட்டினி கிடந்த மக்கள் அவர்கள். சொந்த மண்ணில் பூசை காண மலைப்பாறைகளுக்கு நடுவே ஒளிந்து கூடியவர்கள். விடுதலை கிடைத்ததும் தம் நாட்டைக் கத்தோலிக்க நாடாகக் கட்ட விரும்பினார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். 1935-ல் கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் குற்றமாக்கினார்கள். 1937-ல் அன்று அரசை நடத்திய டி வலேரா கொண்டுவந்த அரசியலமைப்பு, மணமுறிவுக்கு வழிசெய்யும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றவே கூடாது என்றது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனிச் சிறப்பு நிலையும் தந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1925-ல், கவிஞர் யேட்ஸ் அயர்லாந்து மேலவையில் எழுந்து எச்சரித்திருந்தார். ஒரு சபையின் போதனையை எல்லோர் தலையிலும் சட்டமாகச் சுமத்தினால் வடக்கே இருக்கும் புராட்டஸ்டன்ட் மக்கள் ஒருநாளும் உங்களோடு சேர வரமாட்டார்கள் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, அந்தச் சட்டம் யாரை அடித்தது? நாத்திகரையா? பிற சபையாரையா? கேளுங்கள்.

மேரி மெக்கீ என்று ஒரு தாய். மீனவர் ஒருவரின் மனைவி. நான்கு குழந்தைகளோடு வண்டிவீட்டில் வாழ்ந்தவர். கர்ப்ப காலத்தில் மூளையில் இரத்தம் உறைந்து சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர். இன்னொரு முறை கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் இங்கிலாந்திலிருந்து அஞ்சலில் கருத்தடைப் பொருளை வரவழைத்தார். சுங்கத் துறை அதைப் பறிமுதல் செய்தது. கணவனும் மனைவியும் தம் படுக்கையறையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சுங்க அதிகாரி தீர்மானித்தார், அம்மா! மேரி வழக்குத் தொடுத்தார். 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மேரி மெக்கீயும் ஒரு கத்தோலிக்கத் தாய்தான். அவருடைய வேதனையை ஒப்புரவுத் தொட்டியில் ஒரு குருவானவர் கேட்டிருப்பார், ஆறுதல் சொல்லியிருப்பார், வழி சொல்லியிருப்பார். சட்டத்துக்குக் காது கிடையாது. அது பொட்டலத்தைப் பிடுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1951-ல் நோயல் பிரவுன் என்ற சுகாதார அமைச்சர் தாய்மாருக்கும் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டணமில்லா மருத்துவம் தர ஒரு திட்டம் கொண்டுவந்தார். காசநோய்க்குத் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவர் அவர். ஏழையின் வீட்டில் நோய் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். ஆயர்கள் எதிர்த்தார்கள். குடும்பத்தின் உரிமையில் அரசு தலையிடுகிறது, நாளைக்கு இதன் வழியாகக் கருத்தடை ஆலோசனையும் உள்ளே வரும் என்றார்கள். அமைச்சரவை பணிந்தது. பிரவுன் பதவி விலகினார். ஒழுக்கத்தைச் சட்டமாக்கும் அதிகாரம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், ஏழைத் தாயின் மருந்துக்குக்கூட அதே கை குறுக்கே நீளும் என்பதை அந்த நாடு அன்றைக்குப் பார்த்தது.

கைக்கு வந்த அதிகாரம் நம்மையே என்ன செய்தது? மனம் கூசத்தான் செய்கிறது. ஆனாலும் பேசத்தான் வேண்டும். மணமாகாமல் கருவுற்ற பெண்களை விடுதிகளில் அடைத்தார்கள். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். அருட்சகோதரிகள் நடத்திய மக்தலேனா சலவைக்கூடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூலியின்றி உழைத்தார்கள். அங்கே வந்து சேர்ந்த வழி தெரிந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களை அனுப்பி வைத்தது அரசே. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-ல். நேற்று நடந்தது போலத்தான். டூவம் என்ற ஊரில் அருட்சகோதரிகள் நடத்திய விடுதியில் 1925 முதல் 1961 வரை இறந்த 796 குழந்தைகளின் பெயர்களை, அடக்கம் செய்யப்பட்ட பதிவு இல்லாத நிலையில், அந்த வட்டாரத்தின் வரலாற்றைத் தேடிய கேத்தரின் கோர்லெஸ் என்ற பெண்மணி ஒவ்வொன்றாகத் திரட்டினார். இத்தகைய 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தார்கள் என்று 2021-ல் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. திருமுழுக்குப் பெற்ற குழந்தைகள், அன்பர்களே! சட்டமும் சபையும் ஒரே கையாக இருந்த நாட்டில் அந்தக் குழந்தைகளுக்காக யார் யாரிடம் போய் முறையிடுவது?

இப்போது அண்ணன் கேட்பார்: "கருக்கலைப்பு வேறு அல்லவா? அது தனிமனித ஒழுக்கமா, இன்னொரு உயிரின் கேள்வி அல்லவா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

கருவிலுள்ள உயிருக்காகக் கத்தோலிக்கர் வாதாட வேண்டும். ஆனால் எங்கள் சபை சொல்கிறது, ஆகவே எல்லோரும் அடங்குங்கள் என்று வாதாடக் கூடாது. இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் கடவுளே இல்லை என்பவருக்கும் விளங்குகிற மனித நியாயத்தில் வாதாட வேண்டும். அது வெல்லலாம், தோற்கலாம். அயர்லாந்து 1983-ல் அந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டுத் தன் பெரும்பான்மையை நம்பியது. வாக்கெடுப்பு நடத்தி, தாயின் உயிருக்கும் சிசுவின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. எழுத்தில் பார்த்தால் அழகுதான்.

2012 அக்டோபர். கால்வே நகரின் மருத்துவமனை. சவிதா ஹலப்பனவர், 31 வயது, பல் மருத்துவர். பெற்றோர் நம் பக்கத்து மாநிலத்துப் பெலகாவியில். பதினேழு வாரக் கரு கலைந்துகொண்டிருந்தது. குழந்தை பிழைக்காது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். வேதனையை முடித்து வையுங்கள் என்று சவிதா கேட்டார். சிசுவின் இதயம் இன்னும் துடிக்கிறது, சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். இது கத்தோலிக்க நாட்டு விஷயம் என்ற பொருளில் தான் பேசியதாக ஒரு செவிலி பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். இரத்தத்தில் நஞ்சு கலந்து, அக்டோபர் 28-ம் தேதி சவிதா இறந்தார். மருத்துவக் கவனிப்பில் வேறு பல தவறுகளும் நடந்தன என்று விசாரணை சொன்னது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் சட்டத்தைப் பார்த்து மருத்துவரின் கை தயங்கியதையும் மறைக்க முடியாது.

அடுத்த மாதமே அயர்லாந்து ஆயர்கள் அறிக்கை விட்டார்கள். தாயின் உயிரைவிடக் கருவின் உயிரே மேல் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை என்றார்கள். உண்மைதான்! திருச்சபையின் ஒழுக்கவியலில் தாயைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு இடம் உண்டு, நுணுக்கம் உண்டு, நூற்றாண்டுகளாகச் சிந்தித்த சிந்தனை உண்டு. கருக்கலைப்புக்கு ஆயுள் தண்டனை என்று மிரட்டிய, அப்போதும் நடப்பிலிருந்த 1861-ம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த நுணுக்கம் எங்கே தெரியும்? போதனையை எடுத்துத் தண்டனைச் சட்டத்துக்குள் திணித்தால், போதனையில் இருந்த இரக்கமெல்லாம் வெளியே வழிந்துவிடுகிறது. தடி மட்டும் உள்ளே தங்குகிறது. சவிதாவின் மரணத்தில் நான் பார்ப்பது இதைத்தான்.

சட்டம் ஒரு ஆசிரியர், சட்டம் இருந்தால்தான் மக்கள் மனச்சாட்சி வளரும் என்றும் அண்ணன் சொன்னார். அயர்லாந்தில் அந்த ஆசிரியர் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தினார். என்ன கற்றார்கள்? ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க் கருவைக் கலைத்துவிட்டுத் தனியாக அழுதுகொண்டு திரும்பினார்கள். 1992-ல் அப்படிப் போவதற்கான சுதந்திரத்தையும் அதே அரசியலமைப்பில் எழுத வேண்டி வந்தது. 1995-ல் வெறும் 9,000 சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் மணமுறிவுத் தடை வீழ்ந்தது. 2016 கணக்கெடுப்பில் மக்களில் 78 விழுக்காட்டினர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே எழுதினார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 2018 மே 25 அன்று, வாக்களித்தவர்களில் 66.4 விழுக்காட்டினர் 1983-ன் திருத்தத்தைத் தூக்கி எறிந்தார்கள். எறிந்தவர்கள் யார்? நம் பங்குகளில் திருமுழுக்குப் பெற்று, நம் பள்ளிகளில் மறைக்கல்வி படித்து, நற்கருணை வாங்கியவர்கள். 1970-களின் தொடக்கத்தில் கத்தோலிக்கரில் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் பூசை கண்ட நாடு அது. பழைய குருமடங்களில் இன்று அங்கே மிஞ்சியிருப்பது மேனூத் ஒன்றுதான். இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. குருக்கள் சிலர் குழந்தைகளுக்குச் செய்த கொடுமையும், அதை மூடி மறைத்த ஆயர்களும் அதில் பெரும் காரணம். ஆனால் மறைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? யாராலும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்ததால் வந்தது.

இது ஏதோ புதுமைவாதிகளின் பேச்சு என்று நினைக்காதீர்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார்: மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்கப் புறப்படக் கூடாது, ஏனென்றால் அது புண்ணியத்தில் நிறைவடையாத பெருங்கூட்டத்துக்காகச் செய்யப்படுவது. கொலை, களவு போலப் பிறரைக் கெடுத்துச் சமுதாயத்தையே குலைக்கும் பெருந்தீமைகளைத் தடுத்தால் போதும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில்! ஜான் கோர்ட்னி மர்ரே என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு இந்த இழையைப் பிடித்து எழுதியபோது 1950-களில் அவர் வாயை அடைத்தார்கள். அதே மனிதரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. 1965 டிசம்பர் 7 அன்று சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை நிறைவேறியது. சமய விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அன்றுமுதல் திருச்சபையின் உறுதியான போதனை. அதே ஆண்டில் பாஸ்டன் கர்தினால் குஷிங், மாசசூசெட்ஸின் கருத்தடைத் தடைச் சட்டத்தைத் தளர்த்துவதை எதிர்க்க மறுத்தார். கருத்தடையை அவர் சரி என்று சொல்லவில்லை. தன் மக்களின் ஒழுக்கத்தைப் பிறர்மேல் சட்டத்தால் சுமத்த வேண்டியதில்லை என்றுதான் சொன்னார்.

நம் நாட்டைப் பாருங்கள். மணமுறிவுக்குச் சட்டம் உண்டு, கிறிஸ்தவர்களுக்கே தனிச் சட்டம் 1869 முதல் உண்டு. கருக்கலைப்புக்கு 1971-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி உண்டு. ஆனால் ஐம்பது ஆண்டு நிறைவைத் திருப்பலியோடு கொண்டாடும் தம்பதியர் நம் பங்குகளில் இல்லையா? அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது எந்த நாடாளுமன்றம்?

பெரும்பான்மை தன் ஒழுக்கத்தைச் சட்டமாக்கலாம் என்று கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நாம் தீர்மானம் போட்டால், அதே வாக்கியத்தை நம்மிடம் படித்துக் காட்ட ஆள் இருக்கிறார்கள். ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்தன. அருட்தந்தை ஸ்தனிஸ்லாஸ் உச்ச நீதிமன்றம்வரை போராடி 1977-ல் தோற்றார். நம் தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது வீதிக்கு வந்தோமே, 2004-ல் அது நீங்கியபோது ஆலயங்களில் நன்றி சொன்னோமே, அன்று எந்த உரிமையைக் கேட்டோம்? ஒருவரின் மனச்சாட்சிக்குள் அரசு நுழையக் கூடாது என்றுதானே கேட்டோம்? சிறுபான்மையாக இருக்கும் ஊரில் ஒரு நியாயம், பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் இன்னொரு நியாயம் என்றால், நம்மை யார் நம்புவார்கள்?

சட்டம் தலையிட வேண்டிய பாவங்களும் உண்டு. தீண்டாமை அப்படிப்பட்டது. அது அடுத்தவன் மாண்பை மிதிப்பது. அதை அரசியலமைப்பின் 17-ம் பிரிவு ஒழித்தது. அந்தச் சட்டம் வந்த பிறகும் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பகுதி, நடுவே சுவர். நம் ஆடுகளுக்கு நாமே கற்பிக்காததை ஊராருக்குப் போலீஸ் வைத்துக் கற்பிக்கச் சொல்லி நாம் தீர்மானம் எழுதுகிறோமா?

ஆகவே, தலைவர் அவர்களே, மூலத் தீர்மானத்தை நீக்கிவிட்டு ஒரு திருத்தத்தை முன்மொழிகிறேன். ஒவ்வொரு பங்கிலும் முறியும் நிலையிலுள்ள குடும்பங்களுக்கு இலவச ஆலோசனை மையம் தொடங்குவது. மணமாகாமல் கருவுற்று வரும் பெண்ணைக் கேள்வி கேட்காமல் ஏற்று, அவளும் பிள்ளையும் பிரியாமல் வாழ வழிசெய்வது. கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சாதிச் சுவர்களை இடிக்கும் வேலையை வரும் தவக்காலத்துக்குள் தொடங்கும்படி ஆயர்களை வேண்டுவது. இந்த மூன்றையும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். வழிமொழிகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.