பீரோவில் இருந்த பிரதி



ஒரு காரியாலயத்தை நாடி வருகிறவர், அதன் வாசற்படியை மிதிப்பதற்கு முன்பாகவே, பெரும்பாலும் அதன் குரலைத்தான் கேட்கிறார். தொலைபேசி மணி இரண்டு முறை ஒலித்தபின், வணக்கம் கூறி, டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றை அழுத்துங்கள், கணக்குப் பிரிவு வேண்டுமானால் இரண்டை அழுத்துங்கள் என்று வழி சொல்லும் அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்திலேயே, அந்த ஸ்தாபனத்தைப் பற்றி அவர் மனத்தில் ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிடுகிறது. அந்தக் குரலும், அழைப்பை உரிய மேஜைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும், ஆள் இல்லாத வேளையில் பிறர் சொல்லி வைத்துவிட்டுப் போன செய்திகளும் எங்கே வாசம் செய்கின்றன, அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் காவல் யாது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முன்பு காரியாலயத் தொலைபேசிகளை இணைத்து வைத்தது, சுவரில் மாட்டிய இ.பி.ஏ.பி.எக்ஸ் என்னும் பெட்டி. இன்று பல இடங்களில் அதன் ஸ்தானத்தில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் அமர்ந்திருக்கிறது. இம்மாறுதலுக்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தொழில் தொடங்கிய மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர். 1999ஆம் ஆண்டில், தம் சிறிய கம்பெனிக்கு ஓர் இணைப்புப் பெட்டி வாங்கப் பணம் போதாமையால், அதன் வேலையைச் செய்யக்கூடிய மென்பொருளைத் தாமே எழுதி, ஆஸ்டரிஸ்க் என்று பெயரிட்டு, யாவரும் இலவசமாக எடுத்தாளும்படி வழங்கிவிட்டார். அதன் பயனாகச் சிறு ஸ்தாபனங்களுக்கும் பெரிய வசதிகள் வாய்த்தன. கூடவே ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் பழுதானால் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அதனுள் இருந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உள்ளே இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எந்த லைன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிக்கும் அமைப்புக் கோப்புகள். இவை மிகச் சிறியவை. இரண்டாவது, ஃப்ரீபிபிஎக்ஸ் போன்ற மேலாண்மைத் திரையை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, எக்ஸ்டென்ஷன் எண்களும் அழைப்புப் பதிவேடும் அடங்கிய டேட்டாபேஸ். மூன்றாவது குரல்: வரவேற்பு வாசகம், வாய்ஸ்மெயில், பதிவு செய்த உரையாடல்கள். தொலைபேசிக் குரலைச் சுருக்காமல் சேமித்தால் ஒரு விநாடிக்கு 16,000 பைட், அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் ஆகிறது. நூறு மணி நேரப் பேச்சுக்கு ஆறு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிறிய யூ.எஸ்.பி டிரைவே இதற்குத் தாராளம். ஆனால் டேட்டாபேஸை மட்டும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்தால் போதாது. கணக்கர் வரவைப் பதிந்துவிட்டுச் செலவை எழுதப் பேனாவைத் தூக்கும் தருணத்தில் பேரேட்டைப் படம் பிடித்தால் கணக்கு எப்படி நேராகும்? அதற்கென்றே உள்ள கட்டளையைக் கொண்டு, ஒரே கணத்தின் நிலைமை முழுவதையும் தனிக் கோப்பாக எழுதி வாங்கிக்கொள்வதே முறை.

இனி, நான் அனுபவத்தில் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். ஒரு மருத்துவ அறக்கட்டளையின் தொலைபேசி சர்வரைச் சில காலம் நான் கவனித்து வந்தேன். இரவு இரண்டு மணிக்குத் தானாகவே பிரதி எடுத்து, பின்புறத்தில் செருகியிருந்த யூ.எஸ்.பி டிரைவில் எழுதும்படி ஏற்பாடு செய்திருந்தேன். காலைதோறும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்ற செய்தி வரும். நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள், அறையைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டோ என்னவோ, டிரைவ் பாதி கழன்றிருக்கிறது. அந்தச் சர்வரை இயக்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில், வெளி டிரைவ் வந்து பொருந்துவதற்கென்று ஒரு வெற்று அடைவு உண்டு; டிரைவ் வராவிட்டாலும் அந்த அடைவு அங்கே இருக்கும். பிரதிகள் எல்லாம் டிரைவுக்குப் போகாமல், அந்த அடைவின் வழியே, சர்வரின் சொந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே போய் விழுந்துகொண்டிருந்தன. நோய் கண்ட உடம்பிலேயே மருந்தையும் புதைத்து வைத்தது போல, இரண்டு மாத காலம் அப்படியே நடந்தது. பிறகு ஹார்ட் டிஸ்க் செத்தது.

அன்று எங்களைக் காப்பாற்றியது மானேஜர் அறையின் இரும்பு பீரோவில், காக்கி உறைக்குள், மேலே தேதி எழுதி வைக்கப்பட்டிருந்த மற்றொரு டிரைவ். அந்த இரண்டு மாதத்துக்குச் சற்று முன்பு, புதிது வாங்கியபோது கழற்றிய பழைய டிரைவ் அது. அதிலிருந்து எக்ஸ்டென்ஷன்கள் யாவும் திரும்பின. பல ஆண்டுகள் அங்கே ரிசப்ஷனில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் பதிவு செய்து கொடுத்திருந்த வரவேற்புக் குரலும் திரும்பியது. திரும்பாதவை அந்த இரண்டு மாதத்துச் செய்திகள். நோயாளிகளின் உறவினர்கள் இரவு நேரங்களில் சொல்லி வைத்த வார்த்தைகள் அவற்றில் எத்தனையோ இருந்திருக்கும். அந்த இழப்பு என் அசிரத்தையால் நேர்ந்தது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகையால், பிரதி எடுக்கும் நிரலுக்கு முதற்கட்டளையாக, டிரைவ் உண்மையிலேயே வந்து பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையென்றால் உடனே நிறுத்திவிட்டுக் கூச்சலிடவும் கற்றுக்கொடுங்கள். செருகும் வரிசைக்கு ஏற்ப லினக்ஸ் சூட்டும் பெயர் மாறக்கூடியதாகையால், டிரைவை அதற்கே உரிய நிலையான அடையாள எண்ணைக் கொண்டு இனங்காணச் செய்யுங்கள். ஃபேட்32 முறையில் அமைந்த டிரைவாயின், நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. கோப்பு யாருக்கு உரியது என்ற விவரத்தையும் காப்பாற்றாது. எனவே லினக்ஸுக்கு உரிய ஈஎக்ஸ்டி4 முறையில் அமைத்துக்கொள்வது உத்தமம். எழுதி முடிந்ததாகத் திரை சொன்னாலும், கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினால் அது அழிந்து போகும்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, டிரைவைக் கழற்றுவதுதான். கழற்ற முடியும் என்பதே இந்தச் சாதனத்தின் தனிச் சிறப்பு. கழற்றாமல் விட்டால் அச்சிறப்பு வீணாகிறது. இடி விழுந்தால் சர்வரும் அதில் செருகிய டிரைவும் சேர்ந்தே கருகும்; திருடன் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்வான்; கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய நிரல், செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தளத்து அறைகளில் சர்வரும் நீரில் நின்றது, பக்கத்து அலமாரியும் நீரில் நின்றது. ஆதலால் மூன்று டிரைவுகளை வைத்துக்கொண்டு, ஒன்று யந்திரத்திலும், ஒன்று பீரோவிலும், ஒன்று வேறொரு கட்டடத்திலுமாக, வாரம் ஒரு முறை முறைவைத்து மாற்றி வாருங்கள்.

வெளியே போகும் டிரைவைச் சங்கேதப் பூட்டு இட்டே அனுப்ப வேண்டும். அதில் பிறருடைய அந்தரங்கப் பேச்சு இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் பாஸ்வேர்டும் இருக்கிறது. அவை அந்நியர் கையில் சிக்கினால், உங்கள் செலவில் வெளிநாட்டு அழைப்புகள் பறக்கும். பூட்டின் கடவுச்சொல்லையும் அதே சர்வருக்குள் மட்டும் எழுதி வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து, வெளி லைனில் சேராதவாறு தனியே வைத்து, அதே மென்பொருளை நிறுவி, பீரோவில் இருக்கும் பிரதியை அதில் திருப்பி ஏற்றுங்கள். இரண்டு தொலைபேசிகளை அதில் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை அழையுங்கள். பிறகு வரவேற்பு எண்ணைச் சுழற்றிக் காதில் வையுங்கள். நான் இப்பொழுது தவறாமல் அப்படிச் செய்கிறேன். பழைய யந்திரத்தின் விசிறி இரைந்துகொண்டிருக்க, ஓய்வு பெற்றுச் சென்ற அந்த அம்மாளின் குரல் “வணக்கம்” என்று தெளிவாக ஒலிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் டிரைவை மீண்டும் காக்கி உறைக்குள் இட்டு, அன்றைய தேதியை அதன்மேல் எழுதி, பீரோவைப் பூட்டுகிறேன்.